வேரூன்றிய நம்பிக்கையை மனிதன் தானே மாற்றிக்கொள்ளக் கூடுமா?

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்க்குரிய பாடம்

1. வினாவும் அதன் அவசியமும்

புதிய விதையாயினும், புதிய உழவு முறையாயினும், புதிய சங்கமாயினும், கிராமத்தில் தொடங்கப்பெறும் எந்தச் சீர்திருத்தமும் ஜனங்களின் மனத்தில் முன்னமே குடிகொண்டிருக்கும் நம்பிக்கைகளோடு ஒரு நாள் மோதியே தீரும். பணம் இல்லையெனில் கடன் பெறலாம். கருவி இல்லையெனில் இரவல் பெறலாம். "பாட்டனார் காலந்தொட்டு இப்படித்தான்" என்று ஒருவர் கூறிவிட்டாலோ, அதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. ஆகவே, ஆழ வேரூன்றிய நம்பிக்கையை மனிதன் அறிந்தும் விரும்பியும் மாற்றிக்கொள்ளக் கூடுமா, கூடுமாயின் எவ்வழியில் என்னும் வினா பண்டிதர்க்கு மட்டும் உரியதன்று. சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆராயத்தக்கது.

உதாரணமாக ஒரு கிராமச் சங்கத்தை எடுத்துக்கொள்க. அதன் நிர்வாகக் குழுவினர் பயிர்க்கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கின்றனர். ஒரு தெருவாரின் விண்ணப்பம் வந்தவுடன், "அவர்களுக்குக் கொடுத்தால் பணம் திரும்பாது" என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர் தலையசைக்கின்றனர். எவரும் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதுமில்லை; "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று தள்ளி வைக்கப்படுகிறது. நாற்றுவிடும் பருவம் கழிந்த பின்னர்க் கடன் கைக்கு வருகிறது. பருவம் தவறிய பயிர் விளைச்சல் குன்றுகிறது, தவணை தவறுகிறது. "முன்னமே சொன்னேனல்லவா?" என்கிறார் முதலில் பேசியவர்.

இங்கே நம்பிக்கை தனக்குரிய சாட்சியத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டது. அந்தத் தெருவார் உண்மையில் நாணயம் தவறுபவரா என்பது இச்சங்கத்தில் ஒருபோதும் சோதிக்கப்படவே இல்லை. இத்தகைய நம்பிக்கையினின்று குழுவினர் எங்ஙனம் விடுபடுவது? அதுவே இப்பாடத்தின் பொருள்.

2. கட்டளையிட்டு மாற்ற இயலாது

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதன் தன் கையை உயர்த்த நினைத்தால் உயர்த்தலாம். தன் நம்பிக்கையை அவ்வாறு நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது. கிணற்றில் நீர் இருப்பதைக் கண்ணால் கண்டவன், ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும், "நீர் இல்லை" என்று வாயால் சொல்லலாமேயன்றி உள்ளத்தால் நம்ப இயலாது. ஆழமான நம்பிக்கைகள் பெரும்பாலும் ஒருவர் ஆலோசித்துத் தேர்ந்தெடுத்தவை அல்ல. தாயின் சொல், தெருவின் வழக்கம், உறவினரின் பார்வை ஆகியவற்றால் சிறு பிராயத்திலேயே அவை மனத்தில் படிந்துவிடுகின்றன. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்ற பழமொழி எழுந்ததும் இதனாலேயே.

அறிவு மிகுந்தவர் இதற்கு விலக்கு என்று எண்ணுதல் பிழை. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர் 1979-ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களையும் எதிர்க்கும் மாணவர்களையும் அழைத்து, அத்தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்று காட்டும் ஓர் ஆராய்ச்சியையும், குறைக்கவில்லை என்று காட்டும் மற்றோர் ஆராய்ச்சியையும் இரு சாராரிடமும் கொடுத்தனர். இரண்டையும் படித்தபின் இரு சாராரும் நெருங்கி வந்திருக்க வேண்டுமல்லவா? மாறாக, ஒவ்வொருவரும் தமக்கு இசைந்ததைச் சிறந்த ஆராய்ச்சி என்றும், இசையாததைக் குறையுள்ளது என்றும் கொண்டு, முன்னிலும் உறுதியாகத் தத்தம் கட்சியில் நின்றனர்.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 1984-இல் அதே துறையினர் மற்றொரு சோதனை செய்தனர். சிலரிடம், "பட்சபாதமின்றி நடுநிலையோடு படியுங்கள்" என்று மட்டும் கூறினர். அதனால் பயன் விளையவில்லை. வேறு சிலரிடம், "இதே ஆராய்ச்சி நேர்மாறான முடிவைக் காட்டியிருந்தால், அப்போதும் அதன் முறையை இவ்வாறே மதிப்பிட்டிருப்பீர்களா என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்ற கருத்துப்பட அறிவுறுத்தினர். இவர்களிடம் பட்சபாதம் குறைந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது, மனத்தை வேறு வழியில் நடத்தும் ஒரு முறையும் வேண்டும் என்பது இதனால் புலப்படுகிறது. நேரே தள்ளினால் அசையாத அம்மியும் அடிமேல் அடி வைத்தால் நகரும் என்பது போல, கட்டளைக்கு அசையாத நம்பிக்கை முறைக்கு அசைகிறது.

3. வயல் கற்பித்தது

இம்முறையின் முதற்பகுதியை அறிய, அலங்காநல்லூரைச் சுற்றிப் பெரியாற்றுக் கால்வாய் பாயும் நஞ்சை நிலத்தை நினைத்துக்கொள்வது போதும். நெல் நடவில் குடியானவரின் பழைய நம்பிக்கை யாதெனில், குத்துக்குப் பல நாற்று வைத்து நெருக்கி நட்டால்தான் விளைச்சல் நிறையும் என்பது. ஒற்றை நாற்று நட்ட வயலை முதல் பதினைந்து நாள் பார்ப்பவர்க்கு அது வெறிச்சோடிக் கிடப்பதாகவே தோன்றும். அயலார் நகைப்பர், வீட்டார் வருந்துவர். சென்னை மாகாண விவசாய இலாகா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒற்றை நாற்று நடவைப் பரப்ப முயன்றும், நெருக்கி நடும் வழக்கம் பல்லாண்டுகள் நீங்கவில்லை.

மடகாஸ்கர் தீவில் ஹென்றி தெ லொலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் உருவாக்கிய முறை, பின்னர்த் தமிழ்நாட்டுக்கு வந்து, திருந்திய நெல் சாகுபடி என்று பெயர் பெற்றது. பதினான்கு நாள் வயதுள்ள இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளியில் சதுரமாக நடுதல். நீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டுதல். உருளும் களைக்கருவியால் களையை மண்ணிலேயே அமிழ்த்துதல் ஆகியவை இதன் அங்கங்கள். இடம் பெற்ற ஒற்றை நாற்று வேர் பரப்பித் தூர் வெடித்து, நெருக்கி நட்ட குத்தினும் மிகுந்த கதிர் தாங்கும். ஏக்கருக்கு மூன்று கிலோ விதைக்குள் இம்முறைக்குப் போதுமானது. பழைய முறையில் இதைப்போல் பல மடங்கு விதை செலவாகும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் 2003–04-இல் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நூறு விவசாயிகளின் நிலங்களில் இதைச் சோதித்தபோது, ஒவ்வொருவரும் தம் வயலில் ஒரு பகுதியில் பழைய முறையையும் மற்றொரு பகுதியில் புதிய முறையையும் கையாண்டனர். அறுவடையில் புதிய முறை ஹெக்டேருக்குச் சராசரி 7.2 டன் அளவும், பழைய முறை 5.7 டன் அளவும் கொடுத்தன.

இங்குக் கவனிக்க வேண்டியது விளைச்சல் மட்டுமன்று. பழைய நம்பிக்கையை முழுதும் விட்டுவிடும்படி குடியானவரை எவரும் கேட்கவில்லை. நம்பிக்கை நம்பிக்கையாகவே இருக்க, ஒரு மூலையில் வேறு விதமாகச் செய்து பார்க்கும்படி மட்டுமே கேட்டனர். நிலம் அவருடையது, கை அவருடையது, அளந்த மரக்காலும் அவருடையது. ஆகையால் வந்த முடிவை, "அது சர்க்கார் பண்ணையில் நடந்தது" என்று ஒதுக்கிவிட அவருக்கு இடமில்லை.

இம்முறையைக் கண்டவரெல்லாம் கைக்கொண்டனர் என்று சொல்லவும் கூடாது. இளநாற்றைக் கவனமாக நடும் ஆட்கள் கிடையாமையாலும், நீரை வேண்டியபோது நிறுத்தவும் விடவும் வசதியில்லாமையாலும் பழைய முறைக்குத் திரும்பினோர் உண்டு. நம்பிக்கை மாறியும் நடத்தை மாறாமற்போதல் இது. அத்தகையோரிடம் மேலும் பிரசங்கம் செய்வது வீண். அவர்க்கு வேண்டியது நடவு ஆட்களும் மடை வசதியுமே.

4. உமியும் அரிசியும்

நம்பிக்கையை மாற்ற வேண்டும் என்றவுடன், முன்னோர் கொடுத்த யாவற்றையும் உதறிவிட வேண்டும் என்ற அச்சம் பலருக்கு எழுகிறது. அது வேண்டாத அச்சம். அலங்காநல்லூரின் பெயரை உலகறியச் செய்த ஜல்லிக்கட்டையே நோக்குக. காளையின் கொம்பில் சல்லிக்காசு முடிந்து, அதை அவிழ்ப்பவர்க்கு உரியதாக்கிய வழக்கத்தினின்றே அப்பெயர் வந்தது என்பர். பிற்காலத்தில் காளையின் திமிலைத் தழுவிக் குறித்த தொலைவு செல்வதே வெற்றி என்றாயிற்று. 2009-இல் தமிழ்நாடு சர்க்கார் இயற்றிய ஒழுங்குமுறைச் சட்டம், இரட்டைத் தடுப்பு வேலி, கால்நடை வைத்தியரின் பரிசோதனை, அதிகாரிகளின் அனுமதி ஆகியவற்றை விதித்தது. 2014-இல் உச்சநீதிமன்றம் விழாவைத் தடுத்தது. 2017-இல் மாகாணமெங்கும் எழுந்த கிளர்ச்சிக்குப்பின் சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே மாதத்தில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இவ்வளவுக்கும் இடையே தை மாதத்து மூன்றாம் நாளும், காளையின்மேல் ஊரார் வைத்த பற்றும் நிலைத்தன. நடத்தும் விதம் மாறியது.

அரிசிக்குக் கேடின்றி உமியை நீக்கலாம். ஆனால் எது உமி, எது அரிசி என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை வேண்டும். "இந்த நம்பிக்கையால் பிறர்க்குத் தீங்கு விளைகிறதா? விளையுமாயின், அத்தீங்கைச் சுமப்பவர் யார்?" என்று கேட்பதே அது. தெய்வபக்தியும், நிலத்தின்மேல் உள்ள பற்றும், பெற்றோர்மேல் உள்ள அன்பும் இச்சோதனைக்கு அஞ்ச வேண்டியவை அல்ல. ஒருவனைப் பிறப்பால் தாழ்ந்தவன் என்று ஒதுக்கும் நம்பிக்கை இதில் தேறாது.

5. மதுரைக் கோயில் வாயில்

நெல் நடவைப் பற்றிய நம்பிக்கை, பொய்யென்று கண்டால் நட்டமின்றி நீங்கும். தன் பெருமையையும் தன் குலத்தின் நிலையையும் தாங்கி நிற்கும் நம்பிக்கையோ எளிதில் நீங்குவதில்லை. தீண்டாமை அத்தகையது, அதற்குக் கோர்ட்டுகளின் பலமும் ஒரு காலத்தில் துணை நின்றது. 1897-இல் கமுதிக் கோயிலில் நாடார் வகுப்பினர் சிலர் நுழைந்து வழிபட்டதற்காக வழக்குத் தொடரப்பட்டு, அது இங்கிலாந்தில் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-இல் வந்த தீர்ப்பு அவர்களுக்குப் பாதகமாகவே முடிந்தது.

திருவிதாங்கூர் மகாராஜா 1936 நவம்பர் 12-ஆம் நாள் தம் சமஸ்தானத்துக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டபின் மதுரையிலும் கிளர்ச்சி வலுத்தது. வைதிக ஒழுக்கத்தில் வளர்ந்த பிராமணரும் வக்கீலுமான அ. வைத்தியநாதய்யர் பல மாதங்கள் பிரசாரம் செய்து, 1939 ஜூலை 8-ஆம் நாள், ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த வகுப்பைச் சேர்ந்த ஐவரையும் நாடார் வகுப்பைச் சேர்ந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதிக்குச் சென்று வழிபாடு செய்வித்தார். அவ்வைவருள் ஒருவர் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த பி. கக்கன், இவர் பின்னர்ச் சென்னை ராஜ்யத்தின் உள்துறை அமைச்சராகவும் விளங்கினார்.

அன்று மதுரை நகரத்தார் எல்லோருடைய மனமும் ஒரே நாளில் மாறிவிட்டதா? இல்லை. கோயில் தீட்டுப்பட்டதென்று கூறிப் பட்டர்களில் ஒரு சாரார் பூசை செய்ய மறுத்தனர். சனாதனிகள் வேறோர் இடத்தில் தனியே மீனாட்சிக்கு வழிபாடு ஏற்படுத்திக்கொண்டு சில ஆண்டுகள் நடத்தினர். வைத்தியநாதய்யரைச் சொந்த வகுப்பாரிற் பலர் புறக்கணித்தனர். கோயிலைத் திறந்தவர்களை வழக்குகளினின்று காக்கும் பொருட்டு ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை அதே 1939-இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1947-இல் மாகாணக் கோயில்கள் யாவற்றையும் எல்லா இந்துக்களுக்கும் திறக்கும் சட்டம் வந்தது. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது.

வரிசையைக் கவனிக்க: முதலில் சிலர் நடந்து காட்டினர், அடுத்துச் சட்டம் அவர்களைக் காத்தது, ஜனங்களின் நம்பிக்கை கடைசியில், மெல்ல வந்தது. கோயில் தீட்டுப்பட்டால் மழை பொய்க்கும், நோய் பரவும் என்றெல்லாம் அஞ்சியவர், வாயில் திறந்தபின்னும் வைகையில் நீர் வருவதையும் சித்திரைத் திருவிழா நடப்பதையும் ஆண்டுதோறும் கண்டனர். திறந்த கோயிலையே கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பழைய அச்சம் விளங்காத ஒன்றாயிற்று. எல்லோருடைய மனமும் இசையட்டும் என்று காத்திருந்தால் அந்த வாயில் திறந்தே இராது.

மற்றொன்றும் நினைவில் வைக்கத்தக்கது. வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் மாற்றிக்கொள்ள வேண்டியது அங்கே ஒன்றுமில்லை. மாற வேண்டிய கடமை கதவை அடைத்து நின்றவருடையது. "அவர்கள் முதலில் திருந்தட்டும், பிறகு பார்க்கலாம்" என்பது எக்காலத்திலும் கதவடைத்தவரின் வாதமாகவே இருந்திருக்கிறது.

6. ஒரு மனிதரின் மாற்றம்

கூட்டத்தின் மாற்றத்தைக் கண்டபின், தனி மனிதர் ஒருவரின் மாற்றத்தையும் நோக்குவது நலம். காந்தியடிகள் 1915-இல் ஆமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கிய சில மாதங்களுக்குள், தீண்டாதார் எனப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தூதாபாய் என்பவரைக் குடும்பத்தோடு அங்கே சேர்த்துக்கொண்டார். பொருளுதவி நின்றது, கிணற்றில் நீர் எடுப்பதற்கும் தகராறு எழுந்தது, ஆசிரமத்துக்குள்ளேயே மனத்தாங்கல் உண்டாயிற்று. அவர் பின்வாங்கவில்லை. ஆயினும் அக்காலத்தில் சாதிகளுக்கிடையே கலப்பு மணமும் சமபந்தி போஜனமும் கூடாதென்ற கட்டுப்பாட்டை அவர் ஆதரித்தே எழுதிவந்தார். 1921-இலும் அவர் கருத்து அதுவே. 1932 வாக்கில், அக்கட்டுப்பாடுகள் சமயத்தின் அங்கமல்ல என்றார். 1946-இலோ, மணமக்களில் ஒருவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினராக இருந்தாலன்றித் தம் ஆசிரமத்தில் திருமணம் நடைபெறாது என்னும் நிலைக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் திறவாத கோயிலுக்குள் செல்வதில்லை என்றிருந்த அவர், மதுரைக் கோயிலுக்குள் வழிபடச் சென்றதும் அதே 1946-ஆம் ஆண்டில்தான்.

இந்த மாற்றம் நிறைவு பெற முப்பது ஆண்டுகள் ஆயின. செய்கையில் அவர் 1915-லேயே முன்னே சென்றுவிட்டார். கொள்கை பின்தொடர்ந்து வந்தது. தம் கருத்து மாறியதை அவர் மறைக்கவும் இல்லை. முன் சொன்னதற்கும் பின் சொன்னதற்கும் முரண் தோன்றினால் பின் சொன்னதையே கொள்ளும்படி அவர் வாசகர்களைக் கேட்டுக்கொண்டதும் உண்டு. கிராமத்தில் பலர் மாறாதிருப்பதற்குக் காரணம் நம்பிக்கையின் பலமன்று. "நேற்று ஒன்று சொன்னான், இன்று ஒன்று சொல்கிறான்" என்ற ஏச்சுக்கு அஞ்சுவதே. மாறியவரை ஏசாத ஊரில் மாறுவது எளிது.

7. சட்டத்தின் எல்லை

சட்டம் வழிகாட்டும், சட்டம் மட்டும் போதாது. மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டுகள் அங்கே முறையாகத் தலைவர் பதவி நடைபெறவில்லை. வேட்பாளர் முன்வர அஞ்சினர். வென்றவரும் உடனே ராஜிநாமாச் செய்தனர். தேர்தல் அறிவிப்பு ஒட்டப்பட்டுக்கொண்டே இருந்தது, மனம் திறக்கவில்லை. 2006-இல் ஜில்லாக் கலெக்டராக இருந்த உதயசந்திரன் ஊராரோடு பலமுறை பேசி இசைவித்தபின், அவ்வாண்டு அக்டோபரில் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றனர். நாற்காலியில் அமர்வது ஒரு படி; அமர்ந்தவரின் சொல் ஊரில் செல்லுபடியாவது அடுத்த படி. முதற்படியைக் கண்டு வேலை முடிந்ததென்று கொள்வது தவறு.

8. கூட்டுறவுச் சங்கம் செய்யக்கூடியது

1954-இல் கார்டன் ஆல்போர்ட் என்னும் அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர், பகைமை கொண்ட இரு கூட்டத்தார் சந்திப்பதனால் மட்டும் பகைமை நீங்காது என்று காட்டினார். இரு சாராரும் அங்கே சம நிலையில் இருத்தல், பொது நோக்கம் ஒன்று இருத்தல், அதற்காகக் கூடி உழைத்தல், மேலோரின் ஆதரவு இருத்தல் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் நற்பயன் விளையும் என்பது அவர் கொள்கை. இதை ஒட்டிய சோதனை ஒன்று உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடைபெற்று, 2021-இல் வெளியாயிற்று. 1,261 ஆடவர் அதில் பங்கு கொண்டனர். சிலர் பல சாதியார் கலந்த கிரிக்கெட் கோஷ்டிகளிலும், சிலர் ஒரே சாதிக் கோஷ்டிகளிலும் சீட்டுக் குலுக்கியது போலச் சேர்க்கப்பட்டனர். ஒரே கோஷ்டியில் சேர்ந்து ஆடியவரிடையே சாதி கடந்த நட்பு வளர்ந்தது. எதிர்க்கோஷ்டியாக மட்டும் சந்தித்த வேற்றுச் சாதியாரிடையே பெரும்பாலும் உறவு குறைந்தது. ஒரே மைதானத்தில் நிற்பது போதாது, ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது இதன் சாரம்.

கூட்டுறவுச் சங்கம் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்பதால் சமநிலையையும், பொதுக் கடன் பொறுப்பால் பொது நோக்கத்தையும், சட்டத்தால் மேலோர் ஆதரவையும் இயல்பாகவே பெற்றிருக்கிறது. இச்சங்கங்கள் பிறந்ததே ஒரு பழைய நம்பிக்கையை வென்றுதான். சொத்து இல்லாதவனுக்கு நாணயமும் இல்லை என்று கடன் கொடுப்போர் எண்ணியிருந்த காலத்தில், ஜெர்மனியில் ரைபைசன் என்பவர், அண்டை வீட்டார் ஒருவர்க்கொருவர் பிணை நிற்கும் சங்கங்களைக் கண்டார். சென்னை மாகாணத்தில் நிக்கல்சன் துரை 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகளில் அம்முறையை விளக்கினார். 1904-இல் சட்டம் வந்தது. அவ்வாண்டே செங்கற்பட்டு ஜில்லாத் திரூரில் சங்கம் பதிவாயிற்று. ஏழையின் சொல்லும் ஈடாகும் என்பது பேச்சினால் நிலைநாட்டப்படவில்லை. திரும்பி வந்த தவணைகளால் நிலைநாட்டப்பட்டது.

9. அங்கத்தினர்க்குரிய முறை

மேற்கூறியவற்றினின்று ஐந்து படிகள் பெறப்படுகின்றன. தொடக்கத்தில் கூறிய கடன் விண்ணப்பத்தையே வைத்து அவற்றை விளக்கலாம்.

முதலாவது, நம்பிக்கையைச் சொல்லாக எழுதுதல். "அந்தத் தெருவார் கடன் திரும்பாது" என்று குழுப் புத்தகத்தில் எழுத முனையும்போதே பலருக்குக் கை தயங்கும். அத்தயக்கமும் பயனுடையதே.

இரண்டாவது, எதைக் கண்டால் அந்நம்பிக்கையைக் கைவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்தல். கணக்கைப் பார்த்தபின் நிபந்தனை சொல்பவர், வேண்டிய நிபந்தனையை வேண்டியபடி அமைத்துக்கொள்வார்.

மூன்றாவது, பேரேட்டைப் பார்த்தல். ஐந்தாண்டுக் கணக்கில் தெருவாரியாகக் கடன் எவ்வளவு, வசூல் எவ்வளவு, கடன் கொடுத்த தேதி விதைப்புக்கு முந்தியதா பிந்தியதா என்று பிரித்து எழுத வேண்டும். தாமதமாய்க் கொடுத்த கடனையும் உரிய காலத்தில் கொடுத்த கடனையும் ஒன்றாகக் கலந்து ஒப்பிடலாகாது. பெரிய வீட்டுக்காரரின் பாக்கி அக்கணக்கில் இருக்குமாயின், "அதை வேறு தெருவார் வைத்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது, சிறு சோதனை. ஒரு பருவத்துக்கு, விண்ணப்பங்களைப் பெயரும் தெருவும் மறைத்து, நில அளவு, பயிர், முன் தவணை விவரம் ஆகியவற்றை மட்டும் வாசித்து முடிவு செய்யலாம்; கடனையும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வழங்கலாம். அறுவடைக்குப்பின் வசூலைப் பார்த்தால் விடை தானே கிடைக்கும்.

ஐந்தாவது, கூடிச் செய்தல். தனியே மாற நினைப்பவரை ஊர்ப்பேச்சு பின்னுக்கு இழுக்கும். இருவர் மூவர் சேர்ந்தால் அது இயலாது. குழுவில் எல்லாத் தெருவாரும் இடம் பெற்று, ஒரே வரிசையில் அமர்ந்து, வசூலுக்கும் இரண்டிரண்டு தெருவாராகச் சேர்ந்து செல்வது, பத்துப் பிரசங்கங்களினும் பயன் தரும்.

இவ்வைந்தையும் செய்தபின் பழைய நம்பிக்கை ஒரே பருவத்தில் அடியோடு நீங்கிவிடும் என்பதற்கில்லை. உள்ளத்தின் ஒரு மூலையில் அது நெடுநாள் கிடக்கலாம். ஆயினும் விண்ணப்பதாரர்க்கு வேண்டியது குழுவினரின் உள்ளத் தூய்மையன்று. நாற்றங்காலுக்கு முன் கையில் வந்து சேரும் கடன். அதைக் கொடுத்துவிட்டு மனம் மாறக் காத்திருக்கலாம். மனம் மாறட்டும் என்று கடனை நிறுத்தி வைக்கலாகாது.

10. சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

(1) சங்கத்தில் எவரும் சோதித்துப் பாராமல் எல்லோரும் ஒப்புக்கொண்டு வரும் நம்பிக்கைகள் மூன்றைக் கூறுக. அவற்றால் தீங்கு அடைபவர் யார்?

(2) ஒற்றை நாற்று நடவைச் சோதித்தவர், வயல் முழுவதையும் மாற்றாமல் ஒரு பகுதியை மட்டும் மாற்றியதனால் உண்டான நன்மை யாது?

(3) 1939-இல் மதுரையில் எல்லோர் சம்மதமும் கிடைக்கும் வரை காத்திருந்தால் விளைவு என்னவாகியிருக்கும்?

(4) சென்ற ஐந்தாண்டுக் கடன்கள் விதைப்புக்கு எத்தனை நாள் முன்போ பின்போ வழங்கப்பட்டன? காரியதரிசி இதைத் தெருவாரியாகப் பிரித்து அடுத்த கூட்டத்தில் வாசிப்பாராக.

(5) கருத்தை மாற்றிக்கொண்ட அங்கத்தினர் ஒருவரை இச்சங்கம் எங்ஙனம் நடத்துகிறது? ஏசுகிறதா, ஆதரிக்கிறதா?